கடலோரத்துக்கு ஒரு வைடு லென்ஸ்: ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

தனுஷ்கோடிக்கோ பாம்பனுக்கோ ஃபிலிம் கேமராவோடு கிளம்புகிற புதியவர்கள் பெரும்பாலும் ஒரே கணக்குதான் போடுகிறார்கள். கடல் பெரியது, வானம் பெரியது, ஆகவே எவ்வளவு அகலமான லென்ஸ் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது என்பது அந்தக் கணக்கு. அது தப்பு. அகலமான லென்ஸ் கடலைப் பெரிதாக்குவதில்லை, தூரத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சின்னதாக்கிவிடுகிறது. தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனையில் நின்று 21 மி.மீ. லென்ஸில் எடுத்துப் பாருங்கள் (இந்த எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகப் பார்க்கும்). கீழே வெறும் மணல், மேலே வெறும் வானம், நடுவில் நூல் பிடித்த மாதிரி கொஞ்சம் கடல் இருக்கும். நேரில் பார்த்தபோது நெஞ்சை அடைத்த அந்த விரிவு படத்தில் இருக்காது.

மிதமான வைடு லென்ஸ் என்று நான் சொல்வது 28 மி.மீ. முதல் 40 மி.மீ. வரை உள்ளவற்றை. ராமநாதபுரம் கரையில் இவை நன்றாக வேலை செய்வதற்குக் காரணம் கடலின் அகலம் அல்ல. பக்கத்தில் இருக்கிற மனிதரையும் அவர் நிற்கிற இடத்தையும் இவை ஒரே படத்தில் சேர்த்துப் பிடிக்கும். வலையில் இருந்து மீனைக் கழிக்கிறவரின் கை தெளிவாகத் தெரிய வேண்டும், பின்னால் வல்லம் என்கிற படகும் கரையும் தெரிய வேண்டும். இதுதான் தேவை. ஆகவே லென்ஸைத் தேர்ந்தெடுக்கும்போது, மனிதர்களிடம் எவ்வளவு நெருங்கி நிற்கப்போகிறீர்கள் என்ற கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

முதலில் கேமரா எதைக் காட்டுகிறது என்று பாருங்கள்

ரேஞ்ச்ஃபைண்டரில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனியாக ஒரு ஜன்னல் இருக்கிறது. அதற்குள் தெரியும் வெளிச்சக் கோடுகள்தான், அதாவது ஃப்ரேம் கோடுகள்தான், லென்ஸ் எந்த அளவு பிடிக்கும் என்று காட்டுகின்றன. உங்கள் கேமராவில் 28-க்குக் கோடு இல்லை என்றால், 28 மி.மீ. லென்ஸை மாட்டலாம், படமும் விழும், எது உள்ளே எது வெளியே என்பது மட்டும் தெரியாது. அதனால் லென்ஸ் விலையை விசாரிப்பதற்கு முன்னால் கேமராவுக்குள் கண்ணை வைத்துப் பாருங்கள்.

1954-இல் வந்த லைக்கா எம்3-இல் 50, 90, 135 மட்டும்தான். அருமையான கேமரா, ஆனால் 35-க்குக் கோடு கிடையாது. மேலே தனி வியூஃபைண்டர், அதாவது பார்க்கும் ஜன்னல், செருக வேண்டும், அல்லது கேமரா ஜன்னலை மறைத்து நிற்கும்படி எம்3-க்கென்றே கண்ணாடி மாட்டி வந்த பழைய 35 லென்ஸ்களைத் தேட வேண்டும். அடுத்து வந்த எம்2-இல் 35, 50, 90 உண்டு. 28-க்கான கோடு எம்4-பி மாடலில் இருந்து வருகிறது. 1984-இல் வந்த எம்6-இலும் இருக்கிறது. ஆனால் மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்கு எம்6-இன் 28 கோடு ஓரத்தில் ஒளிந்துகொள்ளும். கண்ணை இடமும் வலமும் உருட்டித்தான் நான்கு மூலைகளையும் பார்க்க முடியும். கண்ணாடி போடுகிறவரா நீங்கள்? அப்படியானால் 35-ஓடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை.

லைக்கா சி.எல்., மினோல்ட்டா சி.எல்.இ. இரண்டிலும் 40-க்குக் கோடு உண்டு; பின்னதில் 28-க்கும் உண்டு. ஃபோக்ட்லெண்டர் பெஸ்ஸா ஆர்4 வகை அகல லென்ஸ்களுக்கென்றே செய்தது, 21 வரை காட்டும். கேனான் பி-யில் 35, 50, 100 மூன்றும் ஒரே சமயத்தில் தெரியும், 35 கோடு ஜன்னலின் விளிம்பை ஒட்டியே இருக்கும். ரஷ்ய ஸோர்க்கி, ஃபெட் கேமராக்களின் ஜன்னல் ஏறக்குறைய 50-க்கானது, வைடு போட்டால் தனி வியூஃபைண்டர் வேண்டும்.

வீட்டு அலமாரியில் கிடந்த யாஷிகா எலக்ட்ரோ 35-ஓ கேனானெட்டோ உங்களிடம் இருந்தால், லென்ஸைக் கழற்ற முடியாது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். கேமராவின் பெயரில் 35 என்று இருப்பது ஃபிலிமின் அளவு. லென்ஸின் அளவு அதன் முகத்தில் எழுதியிருக்கும். கேனானெட் கியூ.எல்.17 ஜி-III-இல் இருப்பது 40 மி.மீ. லென்ஸ். இந்தக் கரைக்கு அதுவே தாராளமாகப் போதும். ஃபிலிமை வாங்கிக் கிளம்புங்கள்.

மவுண்ட், அதாவது கேமராவில் லென்ஸ் மாட்டும் வாய், விஷயத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்தால் சரி. திருகு மாட்டும் லென்ஸை அடாப்டர் போட்டு லைக்கா எம் உடலில் மாட்டலாம், எம் லென்ஸைத் திருகு உடலில் மாட்ட முடியாது. அடாப்டர் வாங்கும்போது அது எந்த ஃப்ரேம் கோட்டைக் கொண்டுவரும் என்று கேட்டு வாங்குங்கள். 35 லென்ஸுக்கு 50-க்கான அடாப்டரைப் போட்டால் ஜன்னலில் 50-இன் கோடுதான் தெரியும்.

காலண்டர் அட்டையில் ஒரு சோதனை

காசு செலவழிப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள். பழைய தினசரிக் காலண்டரின் அட்டையை எடுத்து நடுவில் 18 செ.மீ. நீளம், 12 செ.மீ. உயரத்துக்கு ஒரு ஜன்னல் வெட்டுங்கள். அட்டையில் ஒரு கயிற்றைக் கட்டி, அட்டையில் இருந்து 14 செ.மீ., 17.5 செ.மீ., 20 செ.மீ., 25 செ.மீ. தூரங்களில் முடிச்சுப் போடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, முடிச்சைக் கன்னத்தில், திறந்த கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, கயிறு விறைப்பாக இருக்கும்படி அட்டையைப் பிடித்துப் பாருங்கள். 14-இல் தெரிவது 28 மி.மீ. லென்ஸ் பிடிப்பது. 17.5-இல் 35, 20-இல் 40, 25-இல் 50. 35 மி.மீ. ஃபிலிமின் ஒரு படம் 36-க்கு 24 மி.மீ. என்பதால் இந்த விகிதம் சரியாக வரும்.

இந்த அட்டையோடு ஒரு நாள் மீன் இறங்கும் கரையில் நில்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலம் இதற்குத் தோதான நேரம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும், சிலது கரையேறி மராமத்து நடக்கும், ஆட்களும் கொஞ்சம் நிதானமாக இருப்பார்கள். படகுக்கும் படகுக்கும் நடுவே நின்று பின்னால் நகர முடியாமல் தவிக்கிறீர்களா, அல்லது எட்ட நின்றே பார்க்கத் தோன்றுகிறதா என்று கவனியுங்கள். எந்த முடிச்சை நோக்கி உங்கள் கை தானாகப் போகிறதோ அதுதான் உங்கள் லென்ஸ். மற்றவர்கள் சொல்லும் எந்தப் பரிந்துரையைவிடவும், என்னுடையதையும் சேர்த்துத்தான், இது நம்பகமானது.

28, 35, 40: எது யாருக்கு?

35-ஐப் பற்றி ஒரு எளிய கணக்கு உண்டு. எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்களோ ஏறக்குறைய அவ்வளவு அகலம் படத்தில் விழும். மூன்று மீட்டரில் நின்றால் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். ஒரு ஆள் முழுதாக நிற்க, இரு பக்கமும் அவருடைய உலகம் தெரிய, அது போதுமான இடம். புதுப் பாம்பன் ரயில் பாலத்தில் மேலே தூக்கப்படும் பகுதியின் நீளம் 72.5 மீட்டர். அதை நேர் எதிரே நின்று பிடிக்க வேண்டுமானால் சுமார் 75 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று கேமராவை எடுக்காமலேயே சொல்லிவிடலாம். மனதில் சட்டென்று கணக்குப் போட முடிவதால் 35 சீக்கிரம் பழகிவிடும்.

அதே மூன்று மீட்டரில் 28 மி.மீ. லென்ஸ் சுமார் 3.9 மீட்டர் அகலம் பிடிக்கும், 50 மி.மீ. 2.2 மீட்டர்தான் பிடிக்கும். 28-இன் பலம் இடம் இல்லாத இடத்தில் தெரியும். நாட்டுப்படகின் உள்ளே உட்கார்ந்து எடுக்கும்போது, மீன் ஏலத்தில் கூட்டம் தோளை உரசும்போது, அது காப்பாற்றும். அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது. ஓரத்தில் வரும் முகங்கள் இழுபட்டு நீளும். ஏலத்தில் சுற்றி நிற்கிறவர்களில் மூலையில் இருப்பவரின் தலை கோணலாகிவிடும். மனிதர்களை மரியாதையாகக் காட்ட வேண்டும் என்பது என் பிடிவாதம், அதனால் 28 போட்டால் முகங்களை மூலைக்குக் கொண்டுபோகாதீர்கள். இன்னொன்று, உங்கள் செல்போனின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 24 முதல் 26 மி.மீ. வரையிலான பார்வை கொண்டது. 28 கிட்டத்தட்ட அதே பார்வைதான். போனில் எடுத்த படங்கள் உங்களுக்குப் பிடித்திருந்தால் 28 கைக்கு எளிதில் பழகும். போன் படங்களில் எல்லாமே தள்ளி நிற்கிற மாதிரித் தோன்றினால் 35-க்கு வாருங்கள்.

கரைவலை இழுப்பைப் பாருங்கள். தனுஷ்கோடிப் பக்கம் இன்னும் இழுக்கிறார்கள். கயிற்றைப் பிடித்து வரிசையாக ஆட்கள், ஒவ்வொருவரும் பின்னால் சாய்ந்து, குதிகால் மணலில் புதைந்திருக்கும். வரிசையின் கடைசி ஆளுக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் நின்று, கயிறு போகும் திசையிலேயே 35-ஐப் பிடித்தால், முன்னால் அவருடைய முதுகும் கயிற்றை இறுக்கிய கையும் பெரிதாக விழும். அவரைத் தாண்டி ஒருவர், இன்னொருவர் என்று சிறுத்துக்கொண்டே போய், கயிறு அலைக்குள் இறங்கும் இடம் வரை தெரியும். 28-இல் அந்தத் தூரத்து ஆட்கள் புள்ளியாகிவிடுவார்கள். 50-இல் பக்கத்தில் இருக்கிற ஆள் பாதி வெட்டுப்படுவார். இந்த ஒரு காட்சிக்காகவே நான் 35 பக்கம் நிற்கிறேன். படம் எடுத்து முடித்ததும், “தம்பி, வந்து கயித்தப் பிடி” என்று கூப்பிட்டால் கேமராவை முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுப் பிடியுங்கள். அடுத்த முறை இன்னும் பக்கத்தில் நிற்க விடுவார்கள்.

40 மி.மீ. அதற்கான கோடு உள்ள கேமராவுக்குத்தான். மற்றவர்கள் அதைத் தேடி அலைய வேண்டாம்.

ரேஞ்ச்ஃபைண்டர் வைடு லென்ஸுக்கு இந்தக் கரையில் இன்னொரு சிறப்பு இருக்கிறது. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில், ஒளியைத் திருப்பும் கண்ணாடி மேலே எழுந்து இறங்க இடம் விட வேண்டும், அதனால் வைடு லென்ஸைத் தள்ளி வைக்கும்படி சுற்றி வளைத்து வடிவமைக்கிறார்கள். பல லென்ஸ்களில் நேர்க்கோடுகள் ஓரத்தில் வளைவதற்கு அது ஒரு காரணம். ரேஞ்ச்ஃபைண்டரில் அந்தக் கண்ணாடி இல்லை. லென்ஸின் பின்பக்கம் ஃபிலிமுக்கு மிக அருகில் போகலாம். 1930-களில் லுட்விக் பெர்டலே சைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த பயோகான் இந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டது. இன்றைய பயோகான் 35 வரை அதன் பேர் சொல்கிறது. நமக்கு இதனால் என்ன லாபம்? தொடுவானம். கடலோரத்தில் ஒவ்வொரு படத்திலும் ஒரு நேர்க்கோடு இருக்கிறது. அது வளைந்தால் உடனே கண்ணில் படும். நல்ல ரேஞ்ச்ஃபைண்டர் 35, அந்தக் கோட்டை மேலே வைத்தாலும் கீழே வைத்தாலும் ஏறக்குறைய நேராகவே வைத்திருக்கும். சாயாமல் பிடிப்பது உங்கள் கையில்.

எஃப் எண்ணுக்குக் கொடுக்கும் பணம்

எஃப் எண் என்பது லென்ஸின் துளை, அதாவது அப்பர்ச்சர், எவ்வளவு திறக்கிறது என்ற அளவு; எண் சின்னதானால் துளை பெரிது. புதியவர்கள் அதிகம் பணம் இழப்பது இங்கேதான். எஃப் 1.4 லென்ஸ் எஃப் 2.8-ஐவிட இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கூடுதலாக வெளிச்சம் வாங்கும், அதற்காக விலையும் எடையும் ஏறும். நம் கரையில் பகல் வெளிச்சத்துக்கு அது தேவையே இல்லை.

கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ்.ஓ. 400 ஃபிலிம் (இந்த எண் கூடினால் குறைந்த வெளிச்சமே போதும்), தெளிந்த வெயில்: எஃப் 16, ஷட்டர் 1/500 விநாடி. இது சாதாரண ஊர் வெயிலுக்கு. வெள்ளை மணலும் தண்ணீரும் திருப்பி அடிக்கும் இடத்தில் இன்னும் ஒரு ஸ்டாப் குறைக்க வேண்டும், எஃப் 16-இல் 1/1000. பெரும்பாலான ஃபிலிம் லைக்காக்களில் 1/1000-தான் உச்சம். ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிம் போட்டாலும் எஃப் 8-ஐவிட அகலமாகத் திறக்க முடியாது. காலை எட்டு மணிக்கு மேல் மாலை வரை உங்கள் லென்ஸின் எஃப் 1.4 சும்மாதான் இருக்கும்.

அப்புறம் ஃபோகஸ். 35 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல் வைத்து மூன்று மீட்டரில் ஃபோகஸைப் போட்டால், சுமார் 1.7 மீட்டரில் இருந்து 15 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோய் எடுக்க வேண்டியதுதான், ஃபோகஸ் வளையத்தைத் தொட வேண்டாம். அலையோடு வல்லத்தைத் தள்ளி ஏற்றுகிறார்கள், யார் எப்போது எந்தப் பக்கம் நகர்வார்கள் என்று தெரியாது. ரேஞ்ச்ஃபைண்டரில் ஃபோகஸ் செய்வது ஜன்னலில் தெரியும் இரட்டை உருவத்தை ஒன்று சேர்த்துத்தான்; அங்கே அதைச் செய்துகொண்டிருந்தால் காட்சி போய்விடும். 28 என்றால், எஃப் 11-இல் இரண்டரை மீட்டரில் வைத்தால் சுமார் 1.2 மீட்டரில் இருந்து தொடுவானம் வரை வந்துவிடும். லென்ஸின் மேலேயே இதற்கான அளவுகோல் பொறித்திருக்கும், அதைப் படிக்கப் பழகுங்கள். வாங்கும் லென்ஸில் இந்த அளவுகோல் தெளிவாக இருக்கிறதா என்பது, எஃப் எண்ணைவிட எனக்கு முக்கியம்.

எஃப் 2 எப்போது வேண்டும்? விடியும் முன் மீன் இறங்கும் இடத்தில். ட்யூப் லைட் வெளிச்சத்தில் ஏலம் நடக்கும்போது, ஐ.எஸ்.ஓ. 400-க்கு எஃப் 2, 1/30 என்ற அளவில்தான் கிடைக்கும். அந்த நேரத்து வேலைதான் உங்கள் விருப்பம் என்றால் எஃப் 2 லென்ஸுக்குச் செலவழியுங்கள், நியாயமான செலவு. ராமேஸ்வரம் கோயில் பிராகாரத்துக்காக என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை.

என் தேர்வு எஃப் 2.5 முதல் 2.8 வரை உள்ள சின்ன 35. ஃபோக்ட்லெண்டர் கலர்-ஸ்கோப்பார் 35 எஃப் 2.5, சைஸ் சி பயோகான் 35 எஃப் 2.8, பழையதில் லைக்கா சம்மரான் 35 எஃப் 2.8, திருகு மவுண்டில் கேனான் 35 எஃப் 2.8. இவற்றில் எது நல்ல நிலையில் கிடைக்கிறதோ அதை வாங்குங்கள். சின்ன லென்ஸ் ஜன்னலின் கீழ் மூலையை மறைக்காது, பெரிய எஃப் 1.4 லென்ஸும் அதன் ஹுட்டும் மறைக்கும். ரஷ்ய ஜூபிட்டர்-12 போருக்கு முந்தைய பயோகானின் வழிவந்தது, குறைந்த விலையில் கிடைக்கும், படம் அழகாக விழும். ஆனால் அதன் பின்கண்ணாடி கேமராவுக்குள் வெகுதூரம் நீட்டிக்கொண்டிருக்கும். லைக்கா எம்5, சி.எல். போல உள்ளே வெளிச்சம் அளக்கும் மீட்டரின் கை ஆடும் கேமராக்களில் மாட்டவே கூடாது. அப்பர்ச்சர் வளையம் முன்முகத்தின் உட்பக்கம் இருப்பதால், உப்புக்காற்றுக்காக ஃபில்டர் போட்டால் அதை மாற்றுவது தொல்லை.

பழைய லென்ஸை வாங்கும்போது

அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கம் இருந்து போன் டார்ச்சை அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். கிளை கிளையாகப் பிரியும் மெல்லிய நூல்கள் தெரிந்தால் பூஞ்சை. மூட்டமாகத் தெரிந்தால், நம் ஊர் எதிர்வெயிலில் படம் முழுக்க வெளிறிவிடும். தூசி நாலைந்து புள்ளி இருந்தால் பரவாயில்லை. ஃபோகஸ் வளையத்தை ஒரு முனையில் இருந்து மறு முனை வரை திருப்புங்கள். நறநறவென்று சத்தம் வந்தால் உள்ளே மணல் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கேமராவில் மாட்டி, தூரத்தில் உள்ள ஒன்றைப் பார்த்து ஃபோகஸை முடிவிலிக்குத் திருப்புங்கள். ராமேஸ்வரம் டிவி கோபுரம் 300 மீட்டருக்கு மேல் உயரம், பாம்பன் பக்கம் இருந்தே தெரியும், இதற்கு அருமையான குறி. இரண்டு உருவமும் துல்லியமாக ஒன்றின் மேல் ஒன்று உட்கார வேண்டும். அடுத்தது கிட்டப் பார்வை. கரையில் விரித்த வலையின் மிதவை வரிசையை நீளவாக்கில் பார்க்கும்படி உட்கார்ந்து, ஒரு மீட்டர் தள்ளி இருக்கிற மிதவையில் ஃபோகஸ் வைத்து, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து எடுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு எடுத்தால்தான் அவ்வளவு திறக்க முடியும். ஃபிலிமைக் கழுவிய பிறகு நீங்கள் குறிவைத்த மிதவையே தெளிவாக இருந்தால் லென்ஸும் கேமராவும் ஒத்துப்போகின்றன. முன்னாலோ பின்னாலோ உள்ள மிதவை தெளிவாக இருந்தால் சரிசெய்யும் ஆளிடம் கொடுக்க வேண்டும்.

உப்பு, மணல், சூரியன்

மன்னார் வளைகுடாப் பக்கத்தை ஆண் கடல் என்றும் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் இங்கே சொல்வார்கள். தென்மேற்கில் இருந்து வரும் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஆண் கடல் பக்கம் நின்றால் சாரல் லென்ஸில் படிந்துகொண்டே இருக்கும். ஒரு யு.வி. ஃபில்டர் கட்டாயம். அதில் படிந்த உப்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள், பிறகு துடையுங்கள். வீட்டுக்கு வந்ததும் கேமராவின் உடலுக்கும் இதையே செய்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள். மணல் பறக்கும் இடத்தில் லென்ஸைக் கழற்றாதீர்கள். ஒரே லென்ஸோடு போங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கவனமாகப் படிக்க வேண்டியது இது. லைக்கா போன்ற கேமராக்களின் ஷட்டர் திரை துணியால் ஆனது, எஸ்.எல்.ஆரில் போல முன்னால் அதை மறைக்கக் கண்ணாடி இல்லை. லென்ஸ் முடிவிலியில் ஃபோகஸாகிச் சூரியனைப் பார்த்துக் கொஞ்ச நேரம் இருந்தால், திரையில் ஊசித் துளை எரிந்துவிடும். அப்புறம் எடுக்கிற படமெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு வரும். அரிச்சல்முனையில் சூரிய உதயத்துக்குக் காத்திருக்கும்போது கேமரா கழுத்தில் கிழக்கே பார்த்துத் தொங்கக் கூடாது. உடலோடு திருப்பி வையுங்கள், அல்லது மூடியைப் போடுங்கள். மூடி போட்டால் எடுக்கும் முன் கழற்ற வேண்டும், ஜன்னலில் பார்க்கும்போது மூடி இருப்பது தெரியாது. கேனான் பி, கேனான் 7 ஆகியவற்றின் திரை உலோகம், எரியாது. ஆனால் விரல் பட்டால் சுருங்கிவிடும்.

வாலிநோக்கம் உப்பளங்களுக்குப் போனால் மீட்டரை அப்படியே நம்பாதீர்கள். வெள்ளை உப்புக் குவியலை அது சாம்பலாக்கப் பார்க்கும், ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டுங்கள். கறுப்பு வெள்ளை ஃபிலிமில் மஞ்சள் ஃபில்டர் போட்டால் வானம் கொஞ்சம் ஆழமாகும், மேகம் தனித்துத் தெரியும், அதற்கும் ஒரு ஸ்டாப் கூட்ட வேண்டும். லென்ஸ் வழியாக அளக்கும் மீட்டர் என்றால் அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபில்டர் வாங்கும் முன் லென்ஸின் முகத்து அளவைப் பாருங்கள். லைக்கா, ஃபோக்ட்லெண்டர் சின்ன லென்ஸ்கள் பலவற்றுக்கு 39 மி.மீ., சைஸ் 35-க்கு 43 மி.மீ.

உச்சிப்புளி கடற்படை விமானத் தளம், மண்டபம் கடலோரக் காவல் படை நிலையம் பக்கம் கேமராவைப் பையில் வைத்துவிடுங்கள். கடல்பாசி எடுத்துவிட்டுக் கரையேறும் பெண்களை எடுப்பதாக இருந்தால், ஈரத் துணியோடு வருகிறவர்களை வழியில் மறிக்காமல், பாசியைக் காயப்போட்டு உட்கார்ந்த பிறகு, “எடுக்கலாமாக்கா?” என்று கேட்டுவிட்டு எடுங்கள். 35 போட்டிருந்தால் எப்படியும் இரண்டு மீட்டரில்தான் நிற்கப்போகிறீர்கள், கேட்காமல் எடுக்க முடியாது. அடுத்த முறை போகும்போது ஒரு பிரின்ட் எடுத்துக்கொண்டு போய்க் கொடுங்கள்.